வலப்பக்கம் சாய்ந்த கார்

என் ஆசை மாமாவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது அதிகாரம் பண்ணிக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீங்க என்ற நம்பிக்கையில் உங்களைக் கட்டினவள் எழுதுகிறேன். கோபப்படாமல் கேளுங்க. உங்க காரில் நான் கை வைத்துவிட்டேன்.

நீங்க போனபிறகும் அது கொட்டகையில் வலப்பக்கம் சாய்ந்தபடியேதான் நின்றது. சாயாமல் என்ன செய்யும்? நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையோடு நீங்க ஒருத்தரே ஓட்டிப்போன கார். உங்க உடம்பையும் பூவையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று நம்ம ஊர் அகரத்துக்கே தெரியும். உங்க பக்கத்து ஸ்பிரிங்குகள் அமுங்கியே போயிருந்தன. மாற்றுங்க என்றால் மாற்ற மாட்டீங்க. அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டீங்க. "எடப்பக்கம் ஏறு!"

கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே கிளம்பினாலும் அதுதான். கனத்த ஆளெல்லாம் இடப்பக்கம். மூட்டை முடிச்செல்லாம் டிக்கியில் இடது மூலை. உங்க தம்பி கண்ணன் முன்சீட்டில் உங்க பக்கத்தில். எடையே இல்லாத நான் உங்களுக்கு நேர் பின்னால். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து உங்க பிடரியைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் ஊராகப் போனேன். ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார வைத்தீங்களா? அந்த வருத்தம் எனக்கு உண்டு. உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நான் கார் ஓட்டப் பழகிவிட்டேன். சிரிக்காதீங்க, லைசென்ஸும் வாங்கியாச்சு. நம்ம மகள் சுதா மாசமாக இருக்கிறாள். நடுவில் கொஞ்சம் ரத்தம் பட்டது. வண்டியில் குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. திண்டுக்கல்லில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, நம்ம வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை வாடகைக் கார் சொல்கிறேன் என்றார். இவள் கேட்டால்தானே? "அப்பா கார்லதான் வருவேன். நீதான் ஓட்டணும்" என்று நின்றாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆனால் நான் ஏறி உட்கார்ந்தாலும் கார் வலப்பக்கம்தான் சாய்ந்தது. பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டியது. பிள்ளைத்தாய்ச்சியை அதில் வைத்து எப்படி ஓட்டுவது?

"அண்ணன் வச்சிருந்தபடியே இருக்கட்டும் மதினி. அதுல கை வைக்காதீங்க" என்றார் கண்ணன்.

"உங்க அண்ணன் பாரத்தை அவரு மக எதுக்குச் சுமக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். இந்தப் பழைய மாடலுக்குப் புது ஸ்பிரிங் உடனே கிடைக்காது, சொல்லிவைத்தால்தான் வரும் என்றார் மெக்கானிக். வளைகாப்போ நெருங்கிவிட்டது. அதனால் அதுவரைக்கும் நாலையும் கழற்றி வலது இடதாக மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்றார். நல்லது என் பக்கம் வந்துவிடும், அமுங்கினது அந்தப் பக்கம் போய்விடும், நான் உட்கார்ந்தால் வண்டி மட்டமாக நிற்கும். "தள்ளி நில்லுங்கக்கா. ஸ்பிரிங்கு தெறிச்சா உசுரு தங்காது" என்று சொல்லிவிட்டு அதை இறுக்கிக் கழற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோடியாகக் கீழே நிறுத்தினபோது உங்க பக்கத்து ஸ்பிரிங் ரெண்டு விரற்கடை குட்டையாக இருந்தது. அழுதுவிட்டேன் மாமா. எனக்கு ஏதோ அடிபட்டுவிட்டது என்று பயந்துபோய் அந்த மனுஷன் தண்ணீர் கொண்டுவந்தார்.

"புதுசு வர்ற வரைக்கும் எடப்பக்கம் பாரம் ஏத்திராதீங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

வளைகாப்பு முடிந்து கிளம்புகிற அவசரம். விருந்தாள் வருவார்கள் என்று டவுனில் வாங்கின அரிசி மூட்டையை கண்ணன் டிக்கியில் இடது மூலையில் வைத்தார். முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சுதா கை நிறைய வளையலோடு அவருக்குப் பின்னால் ஏறினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. உங்க சட்டம் எங்களுக்கு அப்படிப் பழகிக் கிடக்கிறது.

தாடிக்கொம்பு நெருங்கும்போது ரோட்டைக் கொத்திப் போட்டிருந்தார்கள். முதல் பள்ளத்தில் பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். அடுத்ததில் இன்னும் பலமாக. ரப்பர் தீய்கிற வாடை வந்தது.

"யம்மா, நிப்பாட்டு. அடிவயிறு இழுத்துப் பிடிக்குது."

ஓரங்கட்டினேன். கண்ணன் குதித்து இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். "பாடி டயரு மேலயே உக்காந்திருச்சு! அப்பவே சொன்னேன்ல மதினி, அண்ணன் கார்ல கை வைக்காதீங்கன்னு!" என்று ரோட்டிலேயே கத்தினார். பின்னால் டவுன் பஸ் ஆரன் அடித்தது. சுதா உதட்டைக் கடித்துக்கொண்டு வயிற்றைப் பிடித்திருந்தாள். என் பிள்ளையை நானே கொண்டுவந்து நடுவழியில் விட்டேனா? இந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தீங்க என்று உங்களைத்தான் திட்டினேன்.

இறங்கிப் பார்த்தேன். கார் இடப்பக்கம் படுத்துக் கிடந்தது. மூட்டை, கண்ணன் சீட்டு, சுதா, எல்லாம் ஒரே பக்கம். என் பின்சீட்டு காலியாகக் கிடந்தது. மெக்கானிக் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, மூட்டையை எறக்குங்க. நீங்களும் ஏறாதீங்க. சுதா, எம் பின்னாடி வந்து உக்காரு."

"அது உன் எடம்லம்மா" என்றாள், அந்த வலியிலும்.

"இப்ப உன் எடம். ஏறுத்தா."

ஸ்பிரிங்கை மாற்றிப் போட்ட கதையை கண்ணனிடம் ரெண்டே வார்த்தையில் சொன்னேன். அவர் மூட்டையைத் தூக்கி ரோட்டோரம் போட்டார். சுதாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றி, கதவைப் பைய சாத்தினார். "ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க மதினி. நான் பஸ்ஸப் புடிச்சு வாரேன். பதறாமப் போங்க" என்றார்.

திருப்பினேன். அதே பள்ளங்கள்தான். ஒவ்வொன்றிலும் இறங்கும்போது அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பின்னால் பார்க்கிற கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தால், சுதா முகம் அப்படியே முழுசாகத் தெரிந்தது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. திண்டுக்கல் வரைக்கும் ரோட்டையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

டாக்டரம்மா என்னை வெளுத்து வாங்கிவிட்டார். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நெஞ்சுத் துடிப்பை எனக்கும் கேட்கவைத்தார். செத்த நேரத்தில் கண்ணன் வந்து சேர்ந்தார், தோளில் அரிசி மூட்டையோடு. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. சுதா அப்போதுதான் சிரித்தாள்.

இப்போது நம்ம வீட்டில்தான் படுத்திருக்கிறாள். வலி இல்லை. புது ஸ்பிரிங் வந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. நாளைக்குக் கொண்டுபோகிறேன். கண்ணனும் கூட வருகிறாராம்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் மாமா. நான்தான் உங்க பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நீங்க கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டா ஓட்டினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்திருப்பேனே.

நாலு ஸ்பிரிங்கும் புதுசாகப் போட்டுவிடுகிறேன். இனி நம்ம காரில் யாரும் எடை பார்த்து ஏற வேண்டாம். உங்க பேரப்பிள்ளை எந்தப் பக்கம் ஆசைப்படுதோ அந்தப் பக்கம் ஏறட்டும். எங்கே உட்கார்ந்தாலும் அதன் முகம் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்வேன். பைய ஓட்டுவேன். சத்தியம்.

இப்படிக்கு,
உங்க பின்சீட்டுப் பொண்டாட்டி
ஈஸ்வரி