தெரியாத நம்பர்

மார்ச் 4
எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் ஜோதி எழுதுகிறாள்.
இன்று ஒருவன் போனில், "சென்னியப்பனுங்களா? சுப்பையன் மகனுங்களா?" என்றான். அப்பன் பெயர் சொல்கிறவன் நம் சனம்தானே? "எந்தக் காட்டுக்காரரு சாமி?" என்று கேட்டேன். என் வயது, கதவு எண், செத்துப்போன என் பெண்டாட்டி பெயர் எல்லாம் ஒப்பித்தான். ஓட்டர் லிஸ்டில் பேர் போய்விடுமாம், போனுக்கு வரும் எண்ணைச் சொல்லணுமாம். ஜோதி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

மார்ச் 7
வாக்காளர் விவரமெல்லாம் திருட்டுப் போய்விட்டது என்கிறார்கள்.
"அப்பன் பேரு இனி கண்டவனுக்கும் தெரியும் மாமா" என்றாள் ஜோதி.
ஆயுசு முழுக்க அதைக் கேட்டுத்தானே ஆளை நம்பினேன். இனி எதைக் கேட்பது?

மார்ச் 11
பக்கத்து வீட்டு சென்னம்மாளிடம், "உங்க மகன் அடிபட்டுக் கெடக்கறான்" என்று ஒருவன் அழுதானாம். பேங்கில் இருந்தது எல்லாம் போச்சு. மகன் வாழப்பாடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான் — ஒரு கீறல் இல்லை.

மார்ச் 12
தெரியாத நம்பரில் எவன் என்ன உறவு சொன்னாலும் வைத்துவிட வேண்டும். தெரிந்த நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஜோதியின் சட்டம்.

மார்ச் 19
காலையில் தெரியாத நம்பர். "மாமா, தனபாலுங்க. அம்மா போயிருச்சுங்க. வெரசா வாங்க."
தனபால் என் அக்கா மகன். குரல் அவன் குரலாக இல்லை, கம்மிக் கிடந்தது.
"எங்கம்மா வள்ளியாத்தா மாமா, அப்புச்சி பேரு சுப்பையன்—"
"அதெல்லாம் லிஸ்டுல இருக்குதுடா, திருட்டு நாயே!"
மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. அக்கா நம்பருக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. காட்டில் இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.
சாயங்காலம் சொன்னதும், "நல்லாக் குடுத்தீங்க போங்க" என்று சிரித்தாள் ஜோதி.

மார்ச் 20
அக்கா ஊர் தம்மம்பட்டியிலிருந்து ஆள் வந்தார். நிஜம்தான்.
தனபால் போன் செத்துக் கிடந்ததாம். ஆம்புலன்ஸ் டிரைவரின் போனை வாங்கிப் பேசியிருக்கிறான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எப்படி எடுப்பது என்று பொழுது சாயும் வரை எனக்காக வைத்திருந்தார்கள். அப்புறம் எடுத்துவிட்டார்கள்.
நேற்றுத் தான் சிரித்ததாக எழுதியதை அடித்துவிடட்டுமா என்று ஜோதி கேட்கிறாள். வேண்டாம், இருக்கட்டும்.

மார்ச் 21
கோடிச் சேலையோடு போனேன். தனபால் வாசலில் நின்றான்.
"அந்தத் திருட்டு நாய் நாந்தானுங்க. உள்ள வாங்க மாமா."
சேலையை யாரும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 30
இப்போது எந்த நம்பர் அடித்தாலும் எடுக்கிறேன். போனுக்கு வந்த எண்ணைக் கேட்கும் வரை வைப்பதில்லை. ஜோதி பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிடுங்குவதில்லை.