முப்பது என்று எழுதிய பலகை

செவ்வாய்க்கிழமை.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. காலையில் எங்கள் பள்ளிக்கூட அதிபரை என் ஆட்டோவில் லிந்துலைக்கு ஏற்றிப்போனேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், முப்பது என்று எழுதிய பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தேன்.

"வெரசாப் போப்பா, கூட்டத்துக்கு நேரமாச்சு."

"நீங்க மனு குடுத்து வச்ச போர்டுங்க, சேர்."

"அது பஸ்காரங்களுக்குப்பா."

நானும் அக்சிலேட்டரை முறுக்கினேன். வளைவில் ஒரு மாணவி பதறி வடிகானுக்குள் குதித்தாள். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. அதிபர் தலையை நீட்டி, "ரோட்டப் பாத்து நடக்கத் தெரியாதா?" என்று அவளையே ஏசினார்.

"எறங்குங்க சேர், நடந்தே போங்க" என்று அங்கேயே இறக்கிவிட்டேன்.

அவரைக் குற்றம் சொல்லிவிட்டேன். முறுக்கியது என் கைதானே?

சிதறிக் கிடந்த புத்தகங்களைப் பொறுக்கிக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை, "மன்னிச்சிருங்க அண்ணே" என்றாள். என்னிடம்.