ஆக்ஸிலுக்குள் ஏலக்காய்த் தோல்

கமலாத்தாளுக்கு,

இங்கே நான் சுகம். உன் முட்டுவலி குறைந்ததா? மாடு ஈன்றுவிட்டதா?

கம்பம்மெட்டில் எங்கள் ஏலக்காய் முதலாளி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பார்த்தார். ஓட்டிப் பார்த்துச் சொல்ல டிரைவர் நான்தானே? மேட்டில் கிளச் வழுக்கவில்லை, இறக்கத்தில் பின்பக்கம் ஊளைச் சத்தமும் இல்லை. கிழட்டு வண்டிக்கு இவ்வளவு அமைதியா என்று சந்தேகப்பட்டு, பின் ஆக்ஸில் ஆயிலை இறக்கினேன். கருப்பு ஆயிலோடு ஏலக்காய்த் தோல் கொழகொழவென்று விழுந்தது. தேய்ந்த பல்சக்கரம் கத்தாமலிருக்க விற்கிறவர்கள் திணித்திருக்கிறார்கள்.

முதலாளி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "வெலையக் கொறச்சு வாங்கிருவோம். தோல அப்படியே உள்ள போட்டு மூடுப்பா, நாம விக்கும்போது ஒதவும்ல."

"ஏனுங்க, வாங்குறவன் வயித்தெரிச்சல் நமக்கெதுக்குங்க?" என்றேன். அதற்கும் சிரிப்புத்தான். த்தூ! மூடித் தொலைத்தேன்.

எத்தனை சோப்புப் போட்டும் கை நாறுகிறது, சோறு இறங்கவில்லை. நீ அரைத்த சீயக்காய் கொஞ்சம் அனுப்பு.

இதை எழுதும்போதே முதலாளி கூப்பிட்டுச் சொல்கிறார், வண்டியை வாங்கியாயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை அதை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறதாம். 'நல்ல வண்டி' என்று என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

சீயக்காய் அனுப்ப வேண்டாம். வேலையை விட்டுவிட்டு சனிக்கிழமையே பெட்டியோடு வந்துவிடுகிறேன்.

அப்புசாமி