‘போயிட்டு வரேன்’ வண்டியின் பார்ட்னருக்கு

மச்சான்,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில், டிரைவர் டீ குடிக்கப் போனதும், நம் ஆம்புலன்ஸ் வண்டியின் ஸ்ட்ரெச்சரில் ஏறித் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டேன். திறந்திருந்த பின்கதவுப் பக்கம் ஒரு பெண் குரல்: "நல்லா தின்னு வாழ்ந்த ஒடம்பு. பாவம்." என் வயிற்றைப் பார்த்துத்தான். கூடவே அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்தம்மா ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தும்மலுக்குக் காரணம் நீதான். டெட்டால் போட்டு எத்தனை தரம் துடைத்தாலும் உன் ஜவ்வாது வாசம் அந்த வண்டியை விட்டுப் போகவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள செந்துறையிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போய் வந்தாய். உன் வீட்டுப் பெண்கள் இருவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "கிட்னி போன வூட்ல எவன் பொண்ணெடுப்பான் மாப்ள? நாளைக்குப் புள்ளைக்கும் வரும்பான். தாலி ஏறுற வரைக்கும் நான் குத்துக்கல்லு." அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி நீ தரையில் உட்கார்ந்த அன்று, என்னவென்று கேட்ட ஊர்க்காரரிடம் செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாயாம். அதைக் கேட்டுத்தான் வண்டி வாங்கலாம் என்றேன். என் உரக்கடையும் அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

தொழிலைப் பதிவு செய்ய நெட் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பெண் பேர் கேட்டாள். ‘உயிர்த்துடிப்பு’ என்றேன். "கேட்டாலே நெஞ்சு படபடங்குது, வேற சொல்லு" என்றாய். நாம் சண்டையிட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு பேருக்குப் பட்டா நகல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கடைசியில் ‘போயிட்டு வரேன்’ என்று நீதான் வைத்தாய். "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறவன் வேற என்னத்தச் சொல்லணும்?" வண்டியின் பக்கவாட்டில் என் போட்டோவைப் போடலாம் என்று மெதுவாக இழுத்தேன். "போடு. கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சு ஊரே மாலையோட வந்துடும்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் சோதனைக்குப் போன அன்று ஸ்ட்ரெச்சரை யாரும் இறுக்கிப் பூட்டியிருக்கவில்லை. நான் சொகுசாக அதில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பிரேக் போட்டதும் அது என்னைச் சுமந்துகொண்டு முன்சீட்டுவரை வந்து மோதியது. "யாருங்க பேஷண்ட்டு?" என்றார் அதிகாரி. "ஓனருங்க சார். இப்பத்தான் பேஷண்ட் ஆனாரு" என்றாய். பூட்டு மாட்டி மறுபடி கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒருவழியாகப் பதிவாகி, பூசையும் போட்டோம். "தொழில் நாளுக்கு நாள் பெருகணும்" என்று பூசாரி வாழ்த்தியதும் கூட்டம் கப்சிப். "பெருகட்டும் சாமி, நம்மூர விட்டுட்டுப் பெருகட்டும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முதல் போணிக்கு ஒருவரும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் தெருவே அழுதுகொண்டு வருமே!

அப்புறம்தான் நீ பார்ட்னர் ஆனாய். செவ்வாய்க்கிழமை காலையில் முழுக்கைச் சட்டை போட்டு, ஊசி போட்ட கையை மறைத்து, முன்சீட்டில் ஏறினாய். "தொழிலைக் கவனிக்கப் போறேன்" என்று டீக்கடைக்குக் கேட்கும்படி ஒரு அறிவிப்பு. திரும்பும்போது ஆஸ்பத்திரி வாடை தெரியாமலிருக்க ஊர் எல்லையில் ஜவ்வாது. முன்சீட்டை நீ பிடித்துக்கொண்டதால் நோயில்லாத நான் ஸ்ட்ரெச்சரில் படுத்து வந்தேன். அந்தக் கெட்ட பழக்கம்தான் நேற்று மானத்தை வாங்கியது.

நீ ஜம்மென்று போய் வருவதைப் பார்த்து மற்றவர்களும் வண்டி கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் திங்கள், புதன், வியாழன், சனிதான். செவ்வாய், வெள்ளி ஒருவரும் கேட்டதில்லை. "நல்ல நாளும் அதுவுமா எவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான்? நமக்கு அது தோதாப் போச்சு" என்றாய். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

நம்மூர்த் தெற்குத் தெருவிலேயே மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்தில் அதே முழுக்கைச் சட்டையில் வேர்த்து விறுவிறுத்து நின்றாய். தாலி ஏறியதும் என்னைத் தேடிக் கண்ணடித்தாய். அதற்கப்புறம் ஒரு பொங்கல்தான் பார்த்தாய்.

ஜவ்வாது டப்பா முன்சீட்டுக்கு எதிரே இன்னும் இருக்கிறது. ஏறுகிறவர் யாராக இருந்தாலும், "போயிட்டு வரேன்னு சொல்லிட்டு ஏறுங்க" என்கிறேன். சொன்ன பிறகுதான் வண்டி நகரும்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் காரியம் முடிந்த அன்று உன் சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"எங்கப்பாவுக்கு டாக்டர் செவ்வாக்கெழமதாங்க வர்றாரு. இனிமே அன்னைக்கு வண்டி கேக்கலாங்களா? பார்ட்னருக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளாச்சேன்னு, பொண்ணு பாக்க வந்தப்பலேருந்து நாங்க கேக்கறதில்ல. தெருவுலயும் யாரையும் கேக்க வுடல."