நினிவேக்குக் கிடைத்த இரக்கம்

அன்பு அம்மாவுக்கு, ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன். சலவைக்கூடத்தில் கையில் லேசாக ஆவி பட்டது, ஆறிவிட்டது, பயப்படாதீர்கள்.

அப்பாவின் அடக்கத்துக்கு என்னை ஊருக்கு விடாத சூப்பர்வைசரைக் கர்த்தர் கேட்பார் என்றீர்களே, கேட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் ஊரில் அவர் மகள் இறந்துவிட்டாள். மேனேஜர் லீவு தரவில்லை. ஈரத்துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, "என்னையும் விட மாட்டேங்கிறாங்க தம்பி" என்று என்னிடமே அழுதார்.

நினிவே அழிவதைப் பார்க்க ஊருக்கு வெளியே உட்கார்ந்திருந்த யோனாவைப் போல, நானும் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் ஒரு துளி சந்தோஷம் இல்லை அம்மா. அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? அத்தனை பாவம் செய்த நினிவேக்கே இரங்கிய கர்த்தர் இவரையா தள்ளிவிடுவார்? மேனேஜரிடம் போய், "அவர் வேலைய நாங்க பாத்துக்கறோம், அனுப்பிடுங்க சார்" என்றேன். மற்றவர்களும் என் பின்னால் வந்து நின்றார்கள். மேனேஜர் இறங்கி வந்தார்.

சூப்பர்வைசர் நேற்று ஊரிலிருந்து போன் செய்தார். "புள்ள முகத்தப் பாத்துட்டேன் தம்பி. உன்னத்தான் பாக்க விடாம பண்ணிட்டேன்" என்றார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனி அவருக்கு விரோதமாக ஜெபிக்காதீர்கள் அம்மா. அவர் மனைவிக்காக ஜெபியுங்கள்.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் இங்கே திரும்பும்போது, அப்பாவின் சட்டையில் துவைக்காதது ஏதாவது மிச்சம் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்