ஓட்டை போட்ட போத்தல்கள்

மே 6
எங்கள் வீடு இருக்கும் தோட்ட லயத்துக்குப் பின்னால், ஏலக்காய்ப் புதரில், பச்சை மரத்தவளை ஓர் இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டியிருக்கிறது. பதினெட்டு. தவளைகளை ஆராயும் இன்ஷிரா மிஸ் தினமும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். முன்பள்ளியில் படிப்பிக்கப் போகுமுன் பார்த்துவிடுகிறேன்.

மே 9
மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். “இதுக்குத் தலைப்பிரட்டையே கிடையாது, துஷ்யந்தி. முட்டைக்குள்ளயே தவளையாகிரும். இலை காய்ஞ்சா எல்லாம் போச்சு.”
பெரிய தவளைகள் பகலில் கால்களை மடக்கி இலையோடு இலையாகக் கிடக்கின்றன. தாவும்போது மட்டும் தொடையில் ஆரஞ்சு பளிச்சிடுகிறது.

மே 12
என் வீட்டுக்காரர் கேட்டார்: “அந்த ஆரஞ்சுக்கால் தவளை எங்க எங்க இருக்கு?” என் வேலையைப் பற்றிக் கேட்கிறாரே என்று சந்தோஷம். எல்லாப் புதரையும் காட்டினேன்.

மே 15
இவருடைய ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் ஐந்து தண்ணீர்ப் போத்தல்கள். ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே ஈரப்பாசி. ஒவ்வொன்றிலும் ஒரு தவளை.
“யாருக்குங்க?”
“லொட்ஜுல தங்கியிருக்கிற வெளிநாட்டு மாத்தயா கேட்டாரு. நாளைக்குக் குடுக்கணும். தவளைதானே துஷி, மனுசனையா புடிக்கிறேன்?”
புடிச்சா ஜெயில்னு தெரியாதா இவருக்கு? மிஸ்ஸிடம் சொன்னால் முதலில் மாட்டுவது இவர்தான். சொல்லாவிட்டால்? இடத்தைக் காட்டிக் கொடுத்தது நானேதானே.

மே 16
காலையில் இவர் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனதும் போத்தல்களைப் புதரடிக்குத் தூக்கிப் போனேன். ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறந்தேன். மூன்று தாவிப் போயின. ஒன்று என் மணிக்கட்டில் ஏறி, குளிர்ந்த விரல்களால் ஒட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. ஐந்தாவது அசையவில்லை. வெளிறிப் போயிருந்தது.
திரும்பினால், ஈரத் துவாயோடு இவர்.
“அந்தாளுக்கு நான் என்னடி சொல்றது?”
“கிடைக்கலைன்னு சொல்லுங்க.”
ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 17
இவர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மே 20
இன்றும்தான்.

மே 29
லொட்ஜில் தங்கியிருந்த அந்த ஆள் விமான நிலையத்தில் பிடிபட்டானாம். சவர்க்காரப் பெட்டிகளில் தவளைகள். தவளை பிடித்துக் கொடுத்த நிவித்திகல ஊர் ஆட்டோக்காரர் நிரோஷனும் உள்ளே. இவருடைய கூட்டாளி. கைக்குழந்தை இருக்கிறது.
இவர் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் சொன்னார்: “என்னால முடியாதுன்னதும் வேற ஆள் கேட்டான். நான்தான் நிரோஷன் நம்பரக் குடுத்தேன்.”


ஜூன் 2
முட்டை உடைந்து பதினொன்று வெளியே வந்தன. அரிசி அளவுதான், ஆனால் முழுத் தவளை. இவரும் வந்து பக்கத்தில் குந்தினார். பிறகு சொன்னார்:
“லொட்ஜ்காரனுக்கும் இதுல பங்கு இருக்கு. அது எனக்குத்தான் தெரியும். நாளைக்கு வனஜீவி ஆபீசுக்குப் போயி எல்லாத்தையும் சொல்றேன். நான் புடிச்சதையும்.”
“உங்களையும் புடிச்சு வச்சிட்டா?”
“வச்சா வக்கட்டும். நிரோஷன் புள்ள முகத்த எப்பிடிப் பாக்கிறது?”

ஜூன் 3
வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். “நீ வர வேணாம்” என்கிறார். முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.