காக்காய் ஓட்ட ஆள்

ஜனவரி 20, செவ்வாய். சாணக்யபுரி விருந்தினர் இல்லம்.

இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் போகவில்லை, கோபமும் போகவில்லை. நாங்கள் கரையில் விடும் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குள் எங்கே போகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அதை ஆராய அனுமதி கேட்கத்தான் டெல்லிக்கு வந்தேன். அதிகாரி நம் ஊர்க்காரர்தான்.

"குஞ்சு பொரிச்சாச்சு, கடல்ல விட்டாச்சு. அப்புறம் என்னம்மா ரிசர்ச்?" என்று என் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

நான் எழுந்தபோது, "மார்ச்ல ஃபேமிலியோட வரேன். குஞ்சு விடறதப் பகல்ல வெச்சுக்கோங்க, போட்டோ நல்லா வரும்" என்றார்.

"பகல்ல விட்டா காக்கா கொத்திடும் சார்."

"அச்சா! காக்கா ஓட்ட நாலு ஆள் போடுங்க. அதுக்கு இப்பவே சாங்ஷன் தரேன்."

உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்.